லினக்ஸ் போட்ட கணினி பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று பார்த்துத் திருத்தும் முறை

லினக்ஸ் போட முயன்று கறுப்புத் திரையைக் கண்டதும் பலரும் முதலிலிருந்து திரும்ப நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் டேட்டாவும் பொழுதும் போகும், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடியுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் மதர்போட்டில் உள்ள பயோஸ் விழிக்கிறது. 2012க்குப் பிந்திய கணினிகளில் பெரும்பாலும் அதன் இடத்தில் யுஇஎப்ஐ இருக்கும். அது பென்ட்ரைவிலோ டிஸ்க்கிலோ, இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடரைத் தேடி எடுக்கிறது. லினக்ஸில் அநேகமாக அது கிரப். கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலையும் இனிட்ராம்எப்எஸ் என்ற சிறு தொகுப்பையும் றம்மில் ஏற்றுகிறது. கடைசியாகக் கேர்னல், லினக்ஸ் நிறுவிய டிஸ்க் பகுதியான ரூட் பார்ட்டிஷனைத் தேடிப் பிடித்துத் திறக்கிறது. நான்கு கட்டங்களுக்கும் நான்கு விதமான பிழைச் செய்திகள். திரையில் என்ன வந்தாலும் உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். யாரிடமாவது உதவி கேட்டாலும் அந்தப் படம்தான் பயன்படும்.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்பில் தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

நிறுவுவதற்கு முன்

8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று போதும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய அதன் லைவ் பென்ட்ரைவுக்குள்ளேயே பூட் ரிப்பேர் என்ற திருத்தும் கருவி இருக்கிறது, பின்னால் அது கைகொடுக்கும். மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி றம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் 20 ஜிபி இடம் வேண்டும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கைமாறும் பழைய கணினிகளில் 32 பிட் செயலி உள்ளவையும் கிடைக்கக்கூடும். அவற்றில் இன்றைய உபுண்டுவும் மின்டும் ஏறா. 32 பிட் கணினியில் நேரடியாக நிறுவக்கூடிய கடைசி டெபியன், 2023இல் வந்த டெபியன் 12.

மின்டின் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது இறக்கிப் பென்ட்ரைவில் எழுத வேண்டிய நிறுவல் கோப்பு, ஏறக்குறைய 3 ஜிபி. போன் சிக்னல் அறுந்து அறுந்து வரும் இடங்களில் அதை உலாவியில் இறக்கினால் குறைபட்ட கோப்பு கிடைக்கும் ஆபத்து அதிகம். டொரன்ட் வழியாக இறக்குங்கள். அது ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே சேர்க்கும், நின்ற இடத்திலிருந்து தொடரும். அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளை ஒருவர் தெரிந்தவராக இருந்தால், கோப்பை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். எங்கிருந்து வாங்கினாலும், கோப்பு குறைபடாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவில் எழுதும் வின்டோஸ் கருவியான ரூபஸில் ஐஎஸ்ஓவைத் தெரிந்தபின் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை அழுத்தினால் அந்த எண்ணைக் காட்டும். அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை எழுதாதீர்கள்.

வின்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வின்டோஸ் வசதியான பிட்லொக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். யுஇஎப்ஐயில் எதை மாற்றினாலும் வின்டோஸ் அந்த எண்ணைக் கேட்கலாம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் போனதுதான். அடுத்து, கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை வின்டோஸ் முழுதாக மூடப்படுவதில்லை; லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைப் பூட்டியதாகவே பார்க்கும்.

கறண்ட் விடயத்தில் அசட்டை வேண்டாம். பார்ட்டிஷன் மாற்றும் நேரத்தில் கணினி அணைந்தால் டிஸ்க்கில் உள்ள தரவு சிதையும். மாரி காலத்தில் இடி முழங்கும் பின்னேரத்தில் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் நிறுவலைத் தொடங்காதீர்கள். லப்டொப் என்றால் பற்றரி ஒரு மணிநேரமாவது தாங்க வேண்டும்.

பென்ட்ரைவையே காணவில்லை

பவர் போட்டவுடன் பூட் மெனு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசர், தொஷிபாவில் எப்12, எச்பியில் எப்9, அசூஸ் லப்டொப்பில் எஸ்கேப். ஏசரில் பல மாதிரிகளில் எப்12 மெனு ஆரம்பத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். எப்2 அழுத்திப் பயோஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டும்.

மெனுவில் பென்ட்ரைவின் பெயர் இரண்டு முறை தெரியலாம்: ஒன்று யுஇஎப்ஐ என்று தொடங்கும், மற்றது வெறும் பெயர் (லெகசி எனப்படும் பழைய பயோஸ் வழி). அவை இரு வேறு வழிகள். கணினியில் ஏற்கெனவே வின்டோஸ் எந்த வழியில் இருக்கிறதோ அதே வழியில் லினக்ஸையும் நிறுவுங்கள். வின்டோஸில் எம்எஸ்இன்போ32 (msinfo32) என்று தட்டினால் பயோஸ் மோட் என்ற வரியில் யுஇஎப்ஐ அல்லது லெகசி என்று சொல்லும். இந்தப் பொருத்தம் தவறுவதால்தான், நிறுவல் ஒழுங்காக முடிந்தும் பூட் ஆகாத கணினிகள் பல.

பெயரே இல்லையென்றால் பென்ட்ரைவை வேறு துளையில் செருகிப் பாருங்கள். டெஸ்க்டொப்பில் பின்பக்கத் துளைகளே நம்பகமானவை. பழைய மதர்போட்டுகள் சிலவற்றில் நீலநிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து பூட் ஆகாது; கறுப்புத் துளையில் ஆகும். அதிலும் வராவிட்டால் ரூபஸில் மறுபடி எழுதி, எழுதும் முறையை டிடி என்று தெரியுங்கள். ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவுக்குள் சாதாரணக் கோப்பாகப் பிரதி செய்தால் பூட் ஆகாது. ஐஎஸ்ஓவைக் கோப்பாகவே வைத்து எழுப்பும் வென்டாய் கருவி போட்ட பென்ட்ரைவில் மட்டும் அப்படிச் செய்யலாம்.

கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் யுஇஎப்ஐ வசதியான செக்யுர் பூட் பற்றிய செய்தி வந்தால்: உபுண்டு, மின்ட், டெபியன், பெடோரா ஆகியவை அதோடு ஒத்துப்போகும். ஆர்ச் லினக்ஸும், லினக்ஸ் அல்லாத வேறோர் இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியும் நிறுவியபடியே ஒத்துப்போகா. அவற்றுக்கு அதை நிறுத்த வேண்டும். ஏசரில் அந்த வரி மங்கலாக இருந்தால் முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்று கொடுங்கள், பிறகு மாற்ற முடியும். அந்தப் பாஸ்வேர்டை மறக்காதீர்கள்.

சீமொஸ் பற்றரி

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணினிகளில் இந்தப் பற்றரிப் பிழை அடிக்கடி வரும். மதர்போட்டில் நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரி ஒன்று இருக்கும், 3 வோல்ட். அது செத்தால் கறண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பயோஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். நேற்று யுஇஎப்ஐயில் நிறுவியது இன்று லெகசியில் எழும்ப முயன்று, நோ பூட்டபிள் டிவைஸ் என்று நிற்கும். திகதியும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதனால் இணையத்தின் பாதுகாப்புச் சான்றுகளை உலாவி ஏற்காது. அப்டேட் செய்தால் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். கணினியைத் திறக்கும்போதெல்லாம் திகதி தவறாகக் காட்டினால் வேறெதையும் தேடாமல் முதலில் பற்றரியை மாற்றுங்கள்.

மின்ட் மெனு வந்தது, பிறகு திரை கறுத்தது

பெரும்பாலும் கிராபிக்ஸ்தான் காரணம், முக்கியமாக என்விடியா காட் உள்ளவற்றில். மெனுவில் கொம்பற்றிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தெரியுங்கள். உபுண்டுவில் அதன் பெயர் சேஃப் கிராபிக்ஸ். அதுவும் இல்லையென்றால் முதல் வரியில் நின்று ஈ (e) விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியில் குவைட் ஸ்பிளாஷ் என்ற சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து எப்10 அழுத்துங்கள். இந்தச் சொல், கிராபிக்ஸ் காட்டைக் கேர்னல் தன் கையில் எடுக்காமல் எளிய முறையில் படம் காட்ட வைக்கிறது.

நிறுவி முடிந்து முதல் தடவை பூட் ஆகும்போதும் இதையே மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் ஈ அழுத்தி எழுதியது அந்த ஒரு தடவைக்கு மட்டும். உள்ளே போனதும் டிரைவர் மனேஜரில் பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைப் போட்டால் பிறகு தேவைப்படாது. வைபை வேலை செய்யாவிட்டால் போனைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். டிரைவர் இல்லாமலே அது வேலை செய்யும்.

நிறுவியில் டிஸ்க் தெரியவில்லை

பென்ட்ரைவிலிருந்து எல்லாம் ஓடும், ஆனால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் டிஸ்க்கே இருக்காது. இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்ட் முறையில் டிஸ்க் மறைந்திருக்கிறது. 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான இன்டெல் லப்டொப்களில் விஎம்டி என்ற பெயரில் இருக்கும். அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்ற வேண்டும். வின்டோஸ் இருக்கும்போது நேரடியாக மாற்றினால் வின்டோஸ் நீலத்திரையில் விழும். ஆகவே இந்த ஒழுங்கைத் தவறாமல் பின்பற்றுங்கள்:

1. பிட்லொக்கர் எண்ணும் வின்டோஸ் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் இலக்கத்தை ஏற்காமல் போகலாம்.
2. வின்டோஸில் எம்எஸ்கொன்பிக் (msconfig) திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட், மினிமல் என்று குறியிட்டு மறுபடி தொடக்குங்கள்.
3. அந்தத் தொடக்கத்திலேயே பயோஸ் அமைப்புக்குள் போய் சாட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விஎம்டி என்றால் அதை நிறுத்துங்கள்.
4. வின்டோஸ் சேஃப் மோடில் எழும்பித் தேவையான டிரைவரைத் தானே ஏற்றும். எம்எஸ்கொன்பிக்கில் குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடக்குங்கள்.

இனி நிறுவியில் டிஸ்க் தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் டிஸ்க்கின் இணைப்பு அல்லது டிஸ்க்கே பழுது.

நிறுவல் முடிந்தது, ஆனால் நேரே வின்டோஸ் வருகிறது

பூட் மெனுவைத் திறந்து உபுண்டு என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மின்ட் நிறுவினாலும் அங்கே உபுண்டு என்றுதான் எழுதியிருக்கும். இருந்தால் அமைப்பில் பூட் ஒழுங்கில் அதை மேலே ஏற்றுங்கள். ஏசரில் செக்யுர் பூட் பகுதியில், நம்பகமான யுஇஎப்ஐ கோப்பைத் தெரியும் வரியில், இஎப்ஐ, உபுண்டு என்று உள்ளே போய் ஷிம் என்று தொடங்கும் கோப்பைச் சேர்க்க வேண்டும்.

பெயரே இல்லாவிட்டால் மின்ட் பென்ட்ரைவில் லைவாக எழும்பி, இணையத்தை இணைத்து, மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் பூட் ரிப்பேரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்ட திருத்தத்தை அழுத்துங்கள். ஆனால் எந்த வழியில் நிறுவினீர்களோ அதே வழியில் லைவும் எழும்பியிருக்க வேண்டும். சிஸ் கோப்புறையில் பேர்ம்வெயர் என்பதற்குள் இஎப்ஐ என்ற கோப்புறை இருந்தால் நீங்கள் யுஇஎப்ஐயில் நிற்கிறீர்கள்.

மறுபக்கமாக, கிரப் வந்து அதில் வின்டோஸைக் காணாவிட்டால் பயப்பட வேண்டாம். கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கிறது. ஈடிசி, டிஃபோல்ட், கிரப் என்ற கோப்பில் கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர் என்ற வரியின் முன்னுள்ள குறியை நீக்கி, மதிப்பை ஃபோல்ஸ் ஆக்கிச் சேமியுங்கள். பிறகு டெர்மினலில் சூடோ அப்டேட்-கிரப் (sudo update-grub) என்று ஓட்டினால் வின்டோஸ் பட்டியலில் சேரும்.

கிரப் ரெஸ்கியூ

திரையில் இந்தச் சொற்கள் வந்து நின்றால், கிரப் எழும்பிவிட்டது, தன் மீதிக் கோப்புகளைக் காணவில்லை என்பது பொருள். வின்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கும் பார்ட்டிஷன் வரிசை மாறியவர்களுக்கும் இது வரும். எல்எஸ் (ls) என்று தட்டினால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். கையால் வழிகாட்டி எழுப்பவும் முடியும் என்றாலும், தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பூட் ரிப்பேரே பாதுகாப்பானது.

இனிட்ராம்எப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் வந்து நிற்கிறது

கறண்ட் திடீரென்று போய் வரும் வீடுகளில் அதிகம் காண்பது இதைத்தான். எக்ஸிட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள், காரணத்தைச் சொல்லும். எப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று ஒரு பார்ட்டிஷன் பெயரோடு வந்தால், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அணைந்ததால் கோப்பு முறைமை குழம்பியிருக்கிறது. எப்எஸ்சிகே (fsck), ஓர் இடைவெளி, ஒரு சிறு கோட்டை ஒட்டி வை என்ற ஆங்கில எழுத்து (-y), இன்னோர் இடைவெளி, அதே பார்ட்டிஷன் பெயர் என்று தட்டுங்கள். முடிந்ததும் ரீபூட். அநேகமாகக் கணினி வழமைபோல எழும்பும்.

பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி இல்லை என்று சொன்னால் கதை வேறு. கேர்னலுக்கு டிஸ்க்கே எட்டவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், சாட்டா முறை மாறியிருக்கிறதா பாருங்கள், சீமொஸ் பற்றரியையும் பாருங்கள். வாரம் ஒருமுறை எப்எஸ்சிகே கேட்கிறது என்றால் டிஸ்க் சாகிறது. லைவில் டிஸ்க்ஸ் கருவியைத் திறந்து ஸ்மார்ட் தகவலில் ரீஅலொகேட்டட், பெண்டிங் என்ற எண்கள் கூடிக்கொண்டு போகின்றனவா பாருங்கள். கூடினால் அதில் மறுபடி நிறுவுவது வீண். தரவை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கேர்னல் பனிக்

கேர்னல் தொடர முடியாமல் நின்றுவிட்டது என்பது இதன் பொருள். அப்டேட்டுக்குப் பிறகு வந்தால், பூட் கோப்புறையின் இடம் நிறைந்து புதிய கேர்னலின் இனிட்ராம்எப்எஸ் முழுதாக உருவாகவில்லை என்பது வழக்கமான காரணம். தொடங்கும்போது எஸ்கேப் தட்டி (பழைய பயோஸில் ஷிப்ட்டை அழுத்திப் பிடித்து) கிரப் மெனுவை வரவழைத்து, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் முந்திய கேர்னலைத் தெரியுங்கள். உள்ளே போனதும் தேவையற்ற பழைய கேர்னல்களை நீக்கி இடம் உண்டாக்குங்கள்.

நிறுவும்போதே, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் றம்மைச் சந்தேகியுங்கள். வெயில் காலப் புழுதி இங்கே கணினிக்குள்ளும் படியும். கறண்டையும் பற்றரியையும் கழற்றியபின் றம் தகடுகளை எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை நீக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். அப்போதும் தொடர்ந்தால் றம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ கருவியை ஓட்டுங்கள். யுஇஎப்ஐயில் அதன் 6ஆம் பதிப்போ பிந்தியதோ வேண்டும். ஒரு பிழை காட்டினாலும் தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்துப் பழுதானதை மாற்ற வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டி போடுபவர்களுக்கு

செக்யுர் பூட்டை நிறுத்துங்கள். மெம்ஸ்டிக் என்று பெயருள்ள கோப்பை இறக்கி டிடி முறையில் எழுதுங்கள். மவுண்ட்ரூட் என்று நின்றால் கேள்விக்குறி ஒன்றைத் தட்டி என்டர் அழுத்துங்கள், கேர்னலுக்குத் தெரிந்த டிஸ்க்குகளின் பெயர்கள் வரும். சாட்டா டிஸ்க் ஏடிஏ என்று தொடங்கும், பென்ட்ரைவ் டிஏ என்று தொடங்கும். யுஎப்எஸ், முக்காற்புள்ளி, பிறகு சரியான பார்ட்டிஷனின் முழுப் பாதை என்று கொடுத்தால் அது எழும்பும். உள்ளே போனதும், பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எப்எஸ்டேப் கோப்பில் அதே பெயரைத் திருத்தி எழுதுங்கள்.