சோங்யே தந்த உருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தந்தத்தில் செதுக்கப்பட்ட சிறிய சோங்யே உருவம் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது அதைத் துடைப்பதுதான். அதைவிடப் பெரிய தவறு வேறில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் லொமாமி ஆற்றுப் பகுதியில் வாழும் சோங்யே மக்கள் என்கிஷி என்று அழைக்கும் உருவம், சிற்பியின் கையிலிருந்து இறங்கியதுமே ஆற்றல் பெற்றுவிடுவதில்லை. என்கங்கா எனப்படும் சடங்கு வல்லுநர், செடி, விலங்கு, மண் முதலியவை சேர்ந்த பிஷிம்பா என்னும் கலவையை உச்சந்தலைக் கொம்பிலோ வயிற்றுக் குழியிலோ இட்ட பின்னரே அது முன்னோர் ஆவியின் துணையோடு நோயையும் சூனியத்தையும் தடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே, தலையிலுள்ள துளையில் கருத்து இறுகிக் கிடப்பதை அழுக்கென்று ஊசியால் தோண்டுபவர், அந்த உருவத்தின் உயிர்நிலையையே குப்பையில் கொட்டுகிறார். தண்ணீரும் சோப்பும் இன்னொரு கேடு: தந்தம் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, உலரும்போது சுருங்கி வெடிக்கும்.

சிலை என்றவுடன் தெய்வம் என்று எண்ணுவது நமக்குப் பழக்கம். என்கிஷி வழிபடப்படும் கடவுள் அன்று. பணி ஒப்படைக்கப்பட்ட ஒரு கலம் எனலாம்.

மஞ்சள் நிறத்தைப் பழமைக்குச் சான்றாகக் கொள்வதும் ஏமாற்றத்தில் முடியும், ஏனெனில் தேயிலைச் சாறே அந்த நிறத்தைத் தந்துவிடும். தந்தம்தானா என்றறியக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை நிலையான வடுவை விட்டுச் செல்லும். மாறாக, வெட்டுமுகத்தை லென்ஸ் வழியே பார்த்தால் யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் ஷ்ரேகர் கோடுகள் தெரியக்கூடும். நீர்யானைப் பல்லில் அவை இருக்காது, எலும்பிலோ நுண்ணிய கரும்புள்ளிகள் தென்படும்.

அடுத்தது பெயரிடுவதில் காட்டும் அவசரம். வயிற்றில் கை வைத்து, சதுரத் தாடையும் முன்தள்ளிய வாயுமாக நிற்பது சோங்யே பாணிதான் என்றாலும், தந்தத்தில் அது சுருங்கி மழுங்கிவிடுவதால், அண்டை மக்களான லூபாக்களின் பதக்க உருவங்களோடு எளிதில் குழம்பும். அதே நாட்டின் கிழக்கே வாழும் லேகா மக்களின் தந்த உருவங்களோ, ப்வாமி என்னும் அவர்களது படிநிலைச் சங்கத்தில் ஒருவர் எட்டிய படிநிலையைக் காட்டுபவை. அவற்றை வெறும் காப்புருவம் என்று விளக்குவது பிழை. ஐயமிருந்தால் "சோங்யே அல்லது லூபா" என்றே அட்டையில் எழுதலாம். அதில் இழிவு எதுவும் இல்லை.

பழம்பொருள் என்பதாலேயே விற்கலாம் என்று கருத வேண்டாம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. இந்தியாவிலும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவ்வணிகத்தைத் தடை செய்தது. பழைய ரசீது, புகைப்படம், சுங்கத் தாள் எதுவானாலும் உருவத்தோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.