மெக்சிகோவில் வீடு எடுத்தால் ஸ்பானிஷ் வாசலுக்கே வரும்

ஸ்பானிஷ் பழக வேண்டும் என்றால் கான்கூனில் வீடு எடுக்காதீர்கள். கடற்கரை அருமைதான். ஆனால் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவார். நான் வஹாகா நகரத்தில் ஆறு வாரம் இருந்தேன். சுற்றுலாப் பயணிகள் அங்கேயும் உண்டு, ஆனால் நடுச் சதுக்கத்தை விட்டுப் பத்துத் தெரு தள்ளிப் போனால் ஸ்பானிஷ் இல்லாமல் தண்ணீர் கூட வாங்க முடியாது. மெரிதா, புவெப்லா, குவானஹுவாத்தோ போன்ற ஊர்களும் இதற்கு நல்லவை. மெரிதாவில் ஏப்ரல், மே வெயில் கடுமை. அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வஹாகாவில் ஜூலை கெலகெத்சா விழாவுக்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் வாடகை ஏறிவிடும்.

விசாவை முதலில் பார்த்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. அதிகபட்சம் 180 நாள். ஆனால் உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை விமான நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை விளம்பரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறிதான். பேசும்போதே "பெசோவா, டாலரா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். வஹாகாவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. அதனால் நிலத்தடித் தொட்டி உள்ள வீடா என்று கேட்க வேண்டும்: "ஆய் சிஸ்தெர்னா?" மொட்டைமாடியில் இருக்கும் கருப்புத் தொட்டிக்குத் தினாகோ என்று பெயர். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுபோகாதீர்கள். அங்கே மின்சாரம் 127 வோல்ட்.

குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குடிநீர் 20 லிட்டர் கேனில் வரும், பெயர் கர்ராஃபோன். வண்டிக்காரர் தெருவில் "அகுவா!" என்று நீட்டிக் குரல் கொடுப்பார். முதல் வாரம் நான் கதவைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது. அன்று முழுக்கத் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சமாளித்தேன். மறுமுறை வாசலிலேயே நின்று "உனோ, போர் ஃபவோர்", அதாவது ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். புத்தகத்தில் ஒரு மாதம் படித்தும் நாக்கில் ஏறாத சொற்கள் அன்று ஏறின. கேஸ், குப்பை வண்டி, தண்ணீர் மூன்றையும் வீட்டுக்காரரிடம் விட்டுவிடாமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு அங்கேதான் நடக்கிறது.

அப்புறம் சந்தை. தினமும் ஒரே கடைக்குப் போங்கள். நான் கெசியோ வாங்கும் கடையில், நூல்கண்டு மாதிரி சுற்றிய அந்தச் சீஸைப் பிரித்துக்கொண்டே அந்த அம்மா "குவாந்தோ லே தோய்?" என்பார். எவ்வளவு தரட்டும் என்று அர்த்தம். "உன் குவார்தோ" என்றால் கால் கிலோ. வீட்டு விளம்பரத்தில் அறைக்கும் இதே குவார்தோதான். கடைக்குள் நுழைந்ததும் "புவெனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் சொல்லாமல் விலை கேட்காதீர்கள். அவர்கள் சொன்னது காதில் விழவில்லை என்றால் "மாந்தே?" என்று கேட்பது அங்கே மரியாதை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாக அணுகாதீர்கள், தமிழிலிருந்து போங்கள். நம் "நீ", "நீங்கள்" போலவே அவர்களுக்கும் தூ, உஸ்தெத் உண்டு. பெரியவர்களுக்கு உஸ்தெத் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "வந்தேன்" என்றாலே நான் என்பது தெரிவது போல் அவர்கள் வினையிலும் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும். "எனக்குக் காபி பிடிக்கும்" என்பது "மே குஸ்தா எல் கஃபே". ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் பல வாரம் தடுமாறும் இடம் இது. நமக்குச் சொந்த வீடு. ஸ்பானிஷில் வரும் ஞ, த ஒலிகள் இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. தக்காளிக்கு அங்கே ஹிதோமாதே என்று பெயர்; அதை "ட" போட்டுக் கெடுக்காமல் சொன்னாலே கடைக்காரர் முகம் மலரும்.

வீட்டுக்குள் போன முதல் நாளே சுவர், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்ப வாங்கும்போது உதவும். நான் கிளம்பும் நாளில் ஒரு மண்கோப்பை குறைந்தது. முன்பே தயார் செய்யாமலே வாயில் வந்தது: "ஸே மே ரொம்பியோ லா தாஸா." கோப்பை என் கையில் உடைஞ்சுபோச்சு என்பதற்கு அப்படியே சரியான வாக்கியம். வீட்டுக்காரம்மா "நோ ஸே ப்ரெயோகூபே", கவலைப்படாதீங்க என்று சொல்லி, முன்பணத்தை முழுசாக எண்ணிக் கையில் வைத்தார்.