கடலோரத்துல சித்திரைத் தோட்டம்: வெயிலை விட உப்பைத்தான் கவனிக்கணும்

பங்குனி பாதி ஓடுனதுமே நம்ம ராமநாதபுரம் கரையில வாடைக்காத்து ஓய்ஞ்சிரும். காலைல பத்து மணி வரைக்கும் ஓலை கூட அசையாது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், மத்தியானம் ஆனா கடல்ல இருந்து காத்து ஏறும். தெர்மாமீட்டர்ல பார்த்தா பாம்பன்ல சூடு மதுரை, பரமக்குடியை விட கம்மியாத்தான் காட்டும், கடல் பக்கத்துல இருக்கறதால. ஆனாலும் செடி ஓரம் ஓரமா கருகும். எல்லாரும் வெயில்ல கருகுதுன்னு சொல்லி இன்னும் ரெண்டு குடம் ஊத்துவாங்க, ஊத்த ஊத்த இன்னும் மோசமாகும். கருகல் இலை நுனியில, விளிம்புல ஆரம்பிச்சு உள்ள வந்தா அது பெரும்பாலும் உப்பு. வெயில் சுட்டா இலையோட நடுவுல, வெயில் நேரா விழற எடத்துல வெளுத்துப்போய் திட்டு திட்டா இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிஞ்சா பாதி செடி தப்பிச்சிரும்.

நம்ம மாவட்டத்துக்கு வருஷ மழை 800 மி.மீ. சொச்சம்தான், அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். தென்மேற்குப் பருவம் நமக்கு காத்தை மட்டும்தான் தரும், மழை ரொம்பக் கொஞ்சம். அதனால சித்திரையில நடுற செடிக்கு அடுத்த நல்ல மழை அஞ்சாறு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் மண்ணுல சேர்ற உப்பைக் கழுவ ஆளில்ல, நாமதான் பார்த்துக்கணும். எங்க அப்பத்தா கோடையில புதுசா எதையும் நட விடமாட்டாங்க, இருக்கறதைக் காப்பாத்துன்னு சொல்லுவாங்க. நான் அந்த அளவுக்கு சொல்லமாட்டேன், நடலாம், ஆனா தண்ணியைத் தெரிஞ்சுக்கிட்டு நடணும்.

முதல்ல ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்க. தண்ணியில கரைஞ்சிருக்க உப்பு எவ்வளவுன்னு பிபிஎம் கணக்குல காட்டுற கருவி, பேனா சைஸ்ல இருக்கும், ஆன்லைன்ல ஒண்ணும் பெரிய விலை இல்ல. உங்க போர் தண்ணி, கிணத்துத் தண்ணி, லாரித் தண்ணி, குழாய்ல வர்ற காவிரித் தண்ணி எல்லாத்தையும் தனித்தனியா டம்ளர்ல பிடிச்சு பாருங்க. மீட்டர்ல 450க்குள்ள இருந்தா எந்தச் செடிக்கும் பயமில்லாம ஊத்தலாம். 450ல இருந்து 2000 வரைக்கும் செடியைப் பார்த்து, மண்ணைப் பார்த்து ஊத்தணும். 2000க்கு மேல போனா காய்கறிக்கு அந்தத் தண்ணியை மட்டும் நம்பாதீங்க, தென்னைக்கு விடுங்க. இதை ஐப்பசியில ஒரு தடவை பார்த்துட்டு விட்டுறக்கூடாது, பங்குனியில, வைகாசியில திரும்பப் பார்க்கணும், ஏன்னா அதே கிணறு கோடையில வேற தண்ணி தரும்.

அது ஏன்னா, கரையோர மணல்ல நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு நிக்குது. நல்ல தண்ணி எடை கம்மி, கடல்தண்ணி எடை ஜாஸ்தி, அதான் காரணம். தனுஷ்கோடி பக்கம் கடலுக்கு ரொம்பக் கிட்டத்துலயே மணல்ல ஊத்து தோண்டி குடிக்கத் தண்ணி எடுக்கிறாங்கன்னா இதனாலதான். ஐப்பசி கார்த்திகை மழையில அந்த நல்ல தண்ணி அடுக்கு தடிமனா இருக்கும், சித்திரையில மெலிஞ்சிரும். அப்ப பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சுல இழுத்தா கீழ இருக்க உப்பு மேல ஏறி வந்துரும், ஏறினா சட்டுனு இறங்காது. அதனால கோடையில காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு பிரிச்சு எடுத்து தொட்டியில சேர்த்து வைங்க. இது உங்க தோட்டத்துக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் சேர்த்துத்தான், தயவுசெஞ்சு இதை லேசா எடுத்துக்காதீங்க.

வீட்டுக்குள்ளயே கொஞ்சம் நல்ல தண்ணி கெடக்கு. ஏசியில இருந்து சொட்டுற தண்ணியில உப்பே கிடையாதுன்னு சொல்லலாம், ஒரு வாளி வைங்க, நாத்துக்கும் கீரைக்கும் அதை விட நல்ல தண்ணி இந்த மாசத்துல கிடைக்காது. அரிசி கழுவுன தண்ணி, காய் கழுவுன தண்ணி சரி. ஆனா ஆர்ஓ மிஷின்ல இருந்து வெளிய போற கழிவுத்தண்ணியை செடிக்கு விடாதீங்க, குடிக்கிற தண்ணியில இருந்து பிரிச்ச உப்பு பூரா அதுலதான் இருக்கு. மீன் கழுவுன தண்ணி ஊத்துனா நல்லா வளரும்னு ஊர்ல சொல்லுவாங்க, உப்புக்கண்டம், கருவாடு அலசுன தண்ணியா இருந்தா வேண்டவே வேண்டாம்.

இப்ப தண்ணி விடுற முறை. தினமும் மேலாப்புல கையால தெளிக்கிறதுதான் இந்தக் கரையில பண்ற பெரிய தப்பு. ரெண்டு விரக்கட தான் நனையும், சாயங்காலத்துக்குள்ள ஆவியாயிரும், தண்ணி போயிரும் உப்பு தங்கிரும், நாலு நாள்ல மண்ணு மேல வெள்ளையா பூத்து நிக்கும். அதுக்குப் பதிலா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, செடி பெருசா இருந்தா மூணு நாளைக்கு ஒரு தடவை, வேருக்கும் கீழ இறங்குற மாதிரி நின்னு நிதானமா ஊத்துங்க. கூடுதலா இறங்குற தண்ணி உப்பை இழுத்துக்கிட்டுக் கீழ போகும். வெறும் மணலா இருந்தா தண்ணி நிக்காது, அங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு வச்சுக்கலாம், மண்ணுல தொழுஉரமும் மக்குன எலையும் நிறைய சேர்த்தா கொஞ்சம் பிடிச்சு வைக்கும். நேரம் விடியக்காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. இலை மேல படாம தூர்ல ஊத்துங்க, உப்புத்தண்ணி இலையில காய்ஞ்சா அங்கயே சுடும். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நல்ல தண்ணியால இலையைக் கழுவி விடுங்க, கடக்காத்துல வர்ற உப்புத்தூசி போயிரும், இலைச் சாறு உறிஞ்சுற செஞ்சிலந்தியும் குறையும்.

பாத்தி போடுறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. வீடியோவுல எல்லாம் மேட்டுப்பாத்தி போடச் சொல்லுவாங்க, மணல் பூமியில கோடைக்கு அது ஒத்துவராது, பக்கவாட்டுல காத்துப்பட்டு சீக்கிரம் காயும். ஒரு அடி பள்ளம் எடுத்து அடியில காஞ்ச எலை, தொழுஉரம் போட்டு பள்ளத்துக்குள்ள நடுங்க. மண்ணு கொஞ்சம் இறுகலா களியா இருந்தா வரப்பு எடுக்கலாம், ஆனா வரப்போட உச்சியில நடாதீங்க, ஈரம் மேல ஏறும்போது உப்பு உச்சியிலதான் போய் குவியும். சரிவுல பாதி உயரத்துல நட்டா வேர் உப்புல மாட்டாது.

கொடிக்கு மண்பானை வைக்கிறது ரொம்ப நல்ல முறை. பெயிண்ட் அடிக்காத அஞ்சு லிட்டர் பானையை கழுத்து வரைக்கும் புதைச்சு, சுத்தி மூணு நாலு விதை ஊனி, பானையை நிரப்பி மூடி வச்சிருங்க. பானை தானா கசிஞ்சு வேருக்குக் கொடுக்கும், மேல் மண்ணு நனையாததால ஆவியாகுறதும் குறைவு. தண்ணி கொஞ்சம் உப்பா இருந்தாலும் வேர்ப்பக்கம் எப்பவும் ஈரமா இருக்கறதால செடி தாங்கிக்கும். ஒரு சீசன் முடிஞ்சதும் பானையை எடுத்துப் பாருங்க, தண்ணி கசியுற கண்ணு அடைச்சிருந்தா மாத்திரணும்.

மண்ணு வெயில்ல தெரியவே கூடாது, மூடுங்க. பனையோலைத் துண்டு, தென்னங்கீத்து, வேப்ப எலை எதுனாலும் சரி, நாலு விரல் கனத்துக்கு. தேங்காய் நார்க்கழிவு வாங்குனா முதல்ல மீட்டரை வச்சுப் பாருங்க, அதுல உப்பு நிறைய இருக்கும், நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை ஊறப்போட்டுப் பிழிஞ்சிட்டுத்தான் போடணும். கரையில ஒதுங்குற பாசியும் கடல்புல்லும் அருமையான உரம், ஆனா அதை மார்கழிக்கு முன்னாடியே அள்ளி மழையில நனைய விட்டு உப்பு போக வச்சிருந்தாத்தான் இப்ப ஆகும், சித்திரையில பச்சையா அள்ளிட்டு வந்து போட்டா நீங்களே உப்பு தூவுற மாதிரி. பாத்திக்கு ஓரம் கட்ட பவளக்கல் எடுத்துட்டு வராதீங்க. மன்னார் வளைகுடா பவளத்தை எடுக்கிறது சட்டப்படி குத்தம், மீன் குஞ்சு பொரிச்சு வளர்ற எடமும் அதுதான், நம்ம ஊர் சாப்பாடே அங்க இருந்துதான் வருது.

என்ன விதைக்கலாம்? யூடியூப்ல ஊட்டி, கோத்தகிரியில இருந்து ஏப்ரல் மாசம் உருளைக்கிழங்கு போடுங்க, பீன்ஸ் போடுங்க, கேரட் போடுங்கன்னு வரும். அங்க குளிர் விலகி கோடை மழை கிடைக்கிற மாசம், அவங்களுக்கு அது சரி. மலைக்கு நடுவுல இருக்க ஊருக்கு சொன்னதை நம்ம மணல்ல செஞ்சா விதைக்காசு போச்சு. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி எல்லாமே உப்பு கொஞ்சமும் தாங்காது. நம்ம கரைக்கு முதல் எடம் கொத்தவரை, காய்கறியில இது அளவுக்கு உப்பு தாங்குற பயிர் ரொம்பக் கம்மி, வெயிலும் தாங்கும். அடுத்து தட்டைப்பயறு, பிஞ்சா பறிச்சா காராமணிக்காய், விட்டா பயறு. கீரையில பருப்புக்கீரை, தண்டுக்கீரை. இந்த நாலு மட்டும் போட்டாலே வீட்டுக்கு தினமும் ஏதாவது ஒண்ணு பறிக்கலாம். வெண்டைக்கு தண்ணி கொஞ்சம் நல்லா இருக்கணும், 1000க்கு மேல போனா காய் முத்திப் போயிரும், செடி குட்டையா நின்னுரும். சுரை, பாகல், பூசணி பானைப் பக்கத்துல. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், பூசணிப்பூ விடியக்காலைல, தேனீ இல்லாத தெருன்னா அந்தந்த நேரத்துல ஆண்பூவைப் பறிச்சு பெண்பூவுல தொட்டு விடுங்க, இல்லன்னா பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

தக்காளி இப்ப வேண்டாம். ராத்திரியும் சூடு இறங்காத மாசத்துல பூ பூக்கும், பூவாவே கொட்டும். முண்டு மிளகாய் நம்ம மண்ணோட பெருமை, 2023ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது, ஆனா அது புரட்டாசியில விதைச்சு மாசி பங்குனியில பழம் எடுக்கிற பயிர். இப்ப பண்ண வேண்டியது, நல்ல செடியில ரெண்டாவது மூணாவது பறிப்புல நல்லா செவந்த பழமாப் பார்த்து நிழல்ல உலர்த்தி, விதையை சாம்பல் கலந்து எடுத்து வைக்கிறதுதான்.

மல்லிகை பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். தங்கச்சிமடத்துல பதியம் போடுற மல்லிகை நாத்து தமிழ்நாடு பூரா போகுது, அவ்வளவு பேர் வாங்குன மண்ணு நம்மளது, நம்ம வீட்டு வாசல்ல மல்லி மஞ்சளா நிக்கக்கூடாது. பங்குனியில இருந்து ஆனி வரைக்கும் தான் பூ அள்ளும். இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா தழைச்சத்து இல்லன்னு யூரியா போட்டுறாதீங்க, கிளிஞ்சல் கலந்த மணல்ல சுண்ணாம்பு ஜாஸ்தி, அதனால இரும்புச்சத்து செடிக்கு ஏறாது. நாட்டு மருந்துக்கடையில அன்னபேதி (இரும்பு சல்பேட்) கேளுங்க, லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு வடிகட்டி சாயங்காலம் இலையில தெளிங்க, மாசத்துக்கு ஒரு தடவை, பச்சை திரும்புற வரைக்கும். கடலைப்புண்ணாக்கு ஊறவச்ச தண்ணியை பத்து மடங்கு நல்ல தண்ணி கலந்து தூர்ல விடலாம். இப்ப கவாத்து (கிளை வெட்டுறது) பண்ணாதீங்க, அது கார்த்திகை கடைசியில.

மீன் அமிலம், அதாவது மீன் கழிவை வெல்லத்துல ஊறவச்சு எடுக்கிற உரம், போடுறவங்க சித்திரை பிறக்கிறதுக்குள்ள போட்டு வச்சிருங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான், கழிவு கிடைக்கிறது கம்மியாகும், விலையும் ஏறும். செவுளு, குடலு எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசிட்டு, அதே எடைக்கு உடைச்ச வெல்லம் போட்டு, மூடி போட்ட வாளியில நிழல்ல வைங்க, காத்து போக கொஞ்சம் எடம் விடணும். ஒரு மாசத்துல தேன் கலர்ல தெளியும். லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி போதும், அதுக்கு மேல போட்டா இலை பொசுங்கும்.

நிழலுக்கு பச்சை வலை 50 சதவீதம் போதும், மேற்கு பக்கம் மட்டும் இறக்கிக் கட்டுங்க. வலையை விட பனையோலைத் தட்டி எனக்குப் பிடிக்கும், காத்தை முழுசா தடுக்காம சலிச்சு விடும், முழுசா அடைச்ச சுவர்னா காத்து மேல ஏறிக் குதிச்சு அடுத்த பக்கம் செடியை முறிச்சிரும். இந்தத் தட்டியை சித்திரையிலயே கட்டிருங்க, வைகாசி ஆனியில கச்சான் காத்து (மேற்கத்திக் காத்து) எறங்குனதுக்கு அப்புறம் கம்பு ஊனவே முடியாது. ஆட்டுக்கு சீமைக்கருவேல முள்ளு வேலி போதும். மயிலுக்கு வேலி தடையே இல்ல, நாத்து மேல பழைய மீன் வலையைப் பரத்திப் போட்டா ஓரளவுக்கு நிக்கும், தொங்க விடாம இறுக்கிக் கட்டுங்க, பறவையும் ஓணானும் மாட்டிக்கிட்டு சாகக்கூடாது.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக்கரைசல், ஒரு லிட்டர் தண்ணி, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில படுற மாதிரி. வெண்டையில இலை மஞ்சள் வலை மாதிரி ஓடுனா அந்தச் செடியைப் பிடுங்கி தூரப் போடுங்க, மருந்து கிடையாது, வெள்ளை ஈ மத்ததுக்கும் கொண்டு போயிரும்.

கடைசியா கோடை மழை. சித்திரை கடைசியில, அக்கினி நட்சத்திரத்துக்குள்ள ஒரு சாயங்காலம் இடி இடிச்சு பத்து நிமிஷம் தூறும், எல்லாரும் இன்னைக்கு செடிக்கு தண்ணி வேண்டாம்னு விட்டுருவாங்க. அன்னைக்குத்தான் ஊத்தணும். ரெண்டு மாசமா மேல் மண்ணுல சேர்ந்த உப்பை அந்தச் சின்னத் தூறல் கரைச்சு நேரா வேருக்குக் கொண்டு வந்து நிறுத்திரும், வேரைத் தாண்டிக் கீழ தள்ள அந்தத் தூறலுக்குத் தெம்பு இருக்காது, மறுநாள் செடி வாடும், மழை பெய்ஞ்சும் வாடுதேன்னு காரணம் தெரியாம நிப்போம். அதனால தூறல் விழும்போதே, இல்லன்னா விட்ட உடனே, இருக்கறதுலயே நல்ல தண்ணியா எடுத்து வழக்கத்தை விட ஒண்ணரை மடங்கு தூர்ல ஊத்தி உப்பைக் கீழ இறக்கி விடுங்க. மழை நல்லா ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்துனா அன்னைக்கு ஊத்த வேண்டாம், மழையே கழுவிரும்.