டேபிள் சாவில் குறுக்கு வெட்டு: கையைக் கடிக்கும் தவறுகள்

பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்கள் டேபிள் சாவில் (மேசை நடுவே வட்ட பிளேடு சுற்றும் ரம்பம்) பலகையை நீளவாக்கில் கிழிக்கும்போது பயபக்தியோடு நிற்பார்கள். குறுக்கே வெட்டும்போதுதான் அலட்சியம் வந்துவிடும். "சின்னத் துண்டுதானே அண்ணே" என்பார்கள். கண்ணாடி போடு, சட்டைக்கையை மடித்துவிடு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் செய்து, இன்றும் தினமும் பார்க்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஃபென்ஸில் முட்டக்கொடுத்து அளவு பிடிப்பது

டிராயருக்கு 9 அங்குலத்தில் எட்டுப் பலகை வேண்டும். ஃபென்ஸை (பிளேடுக்கு இணையாக மேசைமேல் நிற்கும் தடுப்புச் சட்டம்) 9-இல் நிறுத்தி, பலகையை மைட்டர் கேஜில் (மேசையின் ஸ்லாட்டில், அதாவது நீளப் பள்ளத்தில், ஓடி பலகையைத் தள்ளும் கோணமானி) சாய்த்து, நுனியை ஃபென்ஸில் முட்டவிட்டுத் தள்ளினால் எல்லாம் ஒரே அளவில் வரும் என்று தோன்றும். வரவும் செய்யும். ஐந்தாறு துண்டு அழகாகவே வரும். எனக்கு எரிச்சலே அதுதான்.

வெட்டு முடிந்த நொடியில், பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் கிடக்கும் துண்டுக்கு ஆதரவே கிடையாது. மைட்டர் கேஜ் பிடித்திருப்பது அந்தப் பக்கத்துப் பலகையை. துண்டு இம்மியளவு திரும்பினாலும் மூலைக்கு மூலை அதன் நீளம் அந்த இடைவெளியைவிடக் கூடி இறுகிவிடும். பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி வருபவை. அவை துண்டைத் தூக்கி நம்மை நோக்கி எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், பல்லின் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

ஒரு பையன் ஆறாவது துண்டில் மாட்டினான். ஒதுங்கி நின்றதால் வயிறு தப்பியது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய பீரோவின் கதவைப் பின்சுவரில் சாய்த்திருந்தோம். தேக்குத் துண்டு பாய்ந்ததில் மைக்கா கிழிந்து பிளைவுட் பல்லிளித்தது. கதவைப் புதிதாகச் செய்தோம். அந்த வாரமே அதே பையன் அதே மாதிரி ஃபென்ஸை நகர்த்திக்கொண்டிருந்தான். "இந்தத் தடவை மெதுவாத்தான் தள்றேன் அண்ணே." மெதுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வெட்டுப்பட்ட துண்டை யாருமே பிடித்திருக்கவில்லையே!

நீளவாக்கில் கிழிக்கும்போது ஃபென்ஸ் வேண்டும்தான். அங்கே நீண்ட ஓரம் ஃபென்ஸில் படிந்து போகிறது, அந்தத் துண்டை நாமே தள்ளுகட்டையால் கடைசிவரை தள்ளுகிறோம்.

குறுக்கு வெட்டுக்கு அளவு பிடிக்க, 1 அங்குல கனத்தில் ஒரு கட்டையை ஃபென்ஸில், நம் பக்கத்து முனையில், கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளேடுக்கு நன்றாக முன்னாலேயே கட்டை முடிந்துவிட வேண்டும். ஃபென்ஸை 10-இல் வையுங்கள். பலகையைக் கட்டையில் முட்டவிட்டு அளவு பிடித்துத் தள்ளினால், பிளேடைத் தொடும்முன் அது கட்டையை விட்டு விலகியிருக்கும். வெட்டிய துண்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே ஓர் அங்குலம் காலி. இறுக வழியில்லை.

மைட்டர் கேஜின் டிகிரிக் கோட்டை நம்புவது

90-இல் முள் நிற்பதால் மூலைமட்டம் வந்துவிடாது. இரு ஓரமும் இணையாக உள்ள 12 அங்குல அகலப் பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் கீழ்மேலாகப் புரட்டி, இரண்டின் ஓரத்தையும் நேரான சட்டத்தில் ஒட்டி, வெட்டுவாய்களைச் சேர்த்துப் பாருங்கள். கால் டிகிரி பிசகு 1.3 மில்லிமீட்டர்தான். புரட்டினால் அது 2.6 ஆகி வெளிச்சம் தெரியும். கேஜின் கம்பி ஸ்லாட்டில் ஆடினால், கம்பியின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் (கூர்முனை இரும்புக்குச்சி) வைத்து நாலு தட்டுத் தட்டுங்கள். அந்த இடம் புடைத்து ஆட்டம் நிற்கும்.

கிழிக்கும் பிளேடிலேயே குறுக்கும் வெட்டுவது

24 பல் நீளவாக்குக்கு. குறுக்கே வெட்ட 60 அல்லது 80 பல். பிளைவுட் என்றால் வெட்டுக்கோட்டின் அடிப்பக்கம் டேப் ஒட்டுங்கள், விளிம்பு சிதறாது.

கையுறை

வேண்டாம். பல்லில் துணி மாட்டினால் கையும் கூடப் போகும்.

மார்பிள் கட்டரைத் தலைகீழாக மாட்டிய மேசை

அதில் மைட்டர் கேஜ் ஓட ஸ்லாட் இல்லையா? கைரம்பம் எடுங்கள்.

ஸ்லெட்டின் பின்பக்கத்தை மறப்பது

ஸ்லெட் (ஸ்லாட்டில் ஓடும், முன்னும் பின்னும் கட்டை வைத்த தட்டு) செய்துகொண்டால் மேலே சொன்ன பாதித் தொல்லை போய்விடும், இரண்டு பக்கத் துண்டும் அதன்மேலேயே நகரும். ஆனால் வெட்டு முடியும்போது பிளேடு பின்கட்டையைத் துளைத்துக்கொண்டு, கட்டைவிரல் வைக்கிற இடத்தில் எட்டிப்பார்க்கும். அங்கே 3 அங்குலக் கட்டை ஒன்றை ஒட்டிச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். பிளேடு அந்தக் கட்டையைத் தாண்டும்முன் ஸ்லெட் நின்றுவிடும்படி, மேசை விளிம்பில் முட்டுவதற்கு அடிப்பக்கம் ஒரு தடுப்பும் வையுங்கள்.