கழிப்பறையைக் கட்டிவிட்டுக் குழியில் கோட்டை விடாதீர்கள்

ஒரு வீட்டுக் கழிப்பறையைப் பார்க்கப் போனால் நான் முதலில் கதவைத் திறப்பதில்லை. பின்பக்கம் போய், "குழி எங்கேம்மா இருக்கு?" என்று கேட்பேன். பல வீடுகளில் பதில் வராது. கட்டிக்கொடுத்த தொண்டு நிறுவனத்தின் பெயரும் நிதி கொடுத்தவர் பெயரும் சுவரில் பளிச்சென்று இருக்கும். குழியின் மேலோ சிமெண்ட் பூசி, துவைக்கிற கல்லைப் போட்டிருப்பார்கள்.

திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் இந்த வேலைக்காகச் சில வருடங்கள் அலைந்தவன் நான். நல்ல முன்மாதிரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1987-இல் தொடங்கிய கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியில், திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத கிராமமாக தாண்டவம்பட்டி 2003-இலேயே அறிவிக்கப்பட்டது. முசிறிப் பக்கம் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் சூழல் நலக் கழிப்பறைகளைக் கொண்டுவந்தது. ஸ்கோப்பின் சுப்புராமனுக்கு 2021-இலும் கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவு இருந்தும், புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதில் பெரும்பாலானவை மண்ணுக்கு அடியில் நடப்பவை.

கிராமத்துக்கு ஏற்றது இரட்டைக் குழிக் கழிப்பறை. கணக்கு எளிது: ஒரு மீட்டர் விட்டம், கிட்டத்தட்ட அதே ஆழம், இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. சுற்றுச்சுவரில் தேன்கூடு மாதிரி ஓட்டை விட்டுச் செங்கல் அடுக்க வேண்டும். அடியில் காங்கிரீட் போடக்கூடாது. நீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு குழி நிறைய ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு அடுத்த குழிக்கு மாற்றினால், பழைய குழியில் இருப்பது ஒன்றரை, இரண்டு வருடத்தில் மட்கி வாடையில்லாத கருப்பு மண்ணாகிவிடும்.

இதை விளக்கிச் சொல்லும்போது ஒரு பாட்டி என்னை மடக்கினார். "ரெண்டு குழியெல்லாம் வேணாம்யா. ஒன்னே போதும், பத்து சிமெண்ட் உறை இறக்கிடு. என் காலத்துல அது நிறையவே கூடாது." நான் மண், நுண்ணுயிர் என்று பேசிக்கொண்டிருந்தேன். பாட்டியின் கேள்வியோ வேறு: நிறைந்தால் யார் அள்ளுவது? அந்த வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டினோமோ, அந்த நினைப்புதான் பத்து உறை கேட்கிறது. ஆழக் குழியோ செப்டிக் டேங்கோ ஒருநாள் நிறையத்தான் செய்யும். அன்றைக்கு லாரி வரும். லாரி நுழையாத சந்தாக இருந்தால் ஒரு மனிதரை இறக்குவார்கள். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதையும், உரிய பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் விஷவாயுச் சாவுகள் நின்றபாடில்லை.

எனவே குழியைப் பற்றிப் பேசாமல் கழுவுவதைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் மட்டும் பேசுவதுதான் முதல் தவறு. மட்கிய மண்ணைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளியில் ஒரு குழிக்குள் தானே இறங்கி உரத்தை அள்ளினார். அரசுச் செயலர் இறங்கினால் செய்தியாகிறது, அது வேறு விஷயம். இருந்தாலும் நூறு சுவரொட்டி செய்யாததை அந்தப் படம் செய்தது.

அடுத்து கொத்தனார். இது என் சொந்தத் தவறு. நான் அப்போது இருந்த நிறுவனத்தில் ஒரு கிராமம் முழுக்கக் கட்டினோம். வரைபடத்தைக் கொடுத்தோம், மேஸ்திரியை உட்காரவைத்து ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. வீடு கட்டிப் பழகியவருக்கு ஓட்டை விட்ட சுவர் அரைகுறை வேலையாகத் தெரிந்திருக்கிறது. உள்ளே சுத்தமாகப் பூசிவிட்டார். தண்ணீர் எங்கே போகும்? ஒரே வருடத்தில் குழிகள் நிறைந்துவிட்டன. இன்னும் சில வீடுகளில், இரண்டு குழிக்கும் பிரிகிற தொட்டியில் ஒரு வாயை அடைக்கவே இல்லை. இரண்டும் ஒன்றாக நிறைந்தன. அப்புறம் இரட்டைக் குழி எதற்கு? ஒரு வீட்டில் அந்தத் தொட்டியின் மேலேயே திண்ணை கட்டியிருந்தார்கள்.

உட்காரும் பீங்கானிலும் கவனம் தேவை. கிராமத்துக்கென்று வருகிற பீங்கான் நல்ல சரிவாக இருக்கும், அதற்குரிய டிராப்பில், அதாவது வாடை மேலே வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயில், நிற்கும் நீர் 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். விலை கொஞ்சம் குறைகிறதென்று நகரத்துப் பீங்கானை வாங்கிப் பதித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு வாளி தண்ணீர் வேண்டும். அந்த வாளியைச் சுமப்பது அந்த வீட்டுப் பெண். குளிக்கிற தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள். ஆசிட், பினாயில் ஊற்றாதீர்கள். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். நாப்கினையும் உள்ளே போடக்கூடாது.

காவிரிக் கரை மாதிரி, கையால் தோண்டினாலே ஊற்று வருகிற இடத்தில் இந்தக் குழியே சரிவராது. அங்கே கழிவு நேராக நிலத்தடி நீரில் கலக்கும். தரைக்கு மேலே தொட்டி கட்டி, சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தில் சாம்பல் தூவுகிற சூழல் நலக் கழிப்பறை முசிறிப் பகுதியில் எடுபட்டது அதனால்தான். ஒரே வரைபடத்தை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோவது அலுவலகத்துக்கு வசதி, மண்ணுக்கு அல்ல.

சரி, ஒழுங்காகக் கட்டியாயிற்று. போகிறார்களா? 2014-இல் வடஇந்தியாவின் ஐந்து மாநிலங்களில் நடந்த கணக்கெடுப்பு ஒன்றில், நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் குறைந்தது ஒருவராவது வெளியேதான் போய்க்கொண்டிருந்தார். பெண்களின் மானம், மருமகளின் மரியாதை என்றே பிரசாரம் செய்ததில், கழிப்பறை பொம்பளைங்களுக்கு என்று ஆம்பளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். அப்பாவும் தாத்தாவும் சொம்பை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போவது தொடர்கிறது. கூட்டத்தை மாலையில், ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் போடுங்கள். முழங்கால் வலிக்கிற பெரியவருக்குப் பிடித்து எழ ஒரு கம்பி வையுங்கள். பாதிப் பிடிவாதம் அதிலேயே போய்விடும்.

அதற்காக விடியற்காலையில் விசில் ஊதி விரட்டுவது, போட்டோ எடுப்பது, ரேஷனை நிறுத்துவோம் என்று மிரட்டுவது எல்லாம் வேண்டாம். அடி விழுவது எப்போதும் பட்டா இல்லாதவர் மேல்தான். 2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டம் பாவ்கேடியில், வெளியே ஒதுங்கியதற்காக இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டில் கழிப்பறையே இல்லை. ஆனால் அந்த ஊர், திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத ஊர் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது.

பணத்துக்கு வருவோம். தூய்மை இந்தியா திட்டத்தின் ஊக்கத்தொகை 12,000 ரூபாய் பொதுவாகக் கட்டிமுடித்து, படம் எடுத்து ஏற்றிய பிறகே கைக்கு வரும். முதலில் செங்கல்லுக்கும் கூலிக்கும் எங்கே போவது? கந்துவட்டிக்காரரிடம், இல்லையென்றால் ஒப்பந்தக்காரரிடம். ஒப்பந்தக்காரர் அந்தத் தொகைக்குள் தன் லாபத்தையும் எடுப்பார், குழியின் ஆழம் குறையும். வருமானம் தராத பொருள் என்று வங்கிகள் கழிப்பறைக்குக் கடன் தரத் தயங்கின. அந்த இடைவெளியில்தான் கிராமாலயா 2007-இல் கார்டியன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மகளிர் குழுக்கள் வழியாகக் கழிப்பறைக்கும் குடிநீர் இணைப்புக்கும் சிறுகடன் கொடுத்தது. தவணையைக் கட்டுகிற பெண், குழி எத்தனை அடி என்று அளந்து பார்ப்பாள். கடனே கட்ட முடியாத குடும்பங்களும் ஊரில் உண்டு. அவர்களிடமும் பங்குத்தொகை கேட்டு அடம்பிடிப்பது அபத்தம்.

வாழ்வாதாரம் என்று சொல்லிக் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது இன்னொரு வழக்கம். ஒரு குழுவுக்கு நாப்கின் தயாரிக்கும் இயந்திரம் கொடுத்தார்கள். திறப்பு விழாவில் பந்தல், மாலை எல்லாம். பள்ளி மாணவிகளுக்கும் கிராமத்து வளரிளம் பெண்களுக்கும் அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாக வருகிறதே, யாரிடம் விற்பது என்று யாரும் கேட்கவில்லை. நான் பார்த்தபோது இயந்திரத்தின் மேல் நெல் மூட்டை இருந்தது. ஊருக்குள்ளேயே தேவை இருக்கிற வேலையைப் பார்ப்பது நல்லது. ஜார்க்கண்டில் பல்லாயிரம் பெண்கள் கொத்தனார் பயிற்சி எடுத்துக் கழிப்பறை கட்டினார்கள். ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. நம் சித்தாள்களுக்கும் கலவை, மட்டம் எல்லாம் அத்துப்படி. கரண்டியைக் கையில் கொடுக்கத்தான் ஆளில்லை.

திட்டக் காலம் பெரும்பாலும் மூன்று வருடம். குழி நிறைய ஐந்து வருடம். அதாவது முதல் குழி நிறையும்போது நிறுவனம் ஊரில் இருக்காது, பயிற்சி கொடுத்த பெண் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதனால் கிளம்பும் முன்பே, மாற்றும் முறையை வீட்டில் இரண்டு பேருக்காவது செய்து காட்டுங்கள். மகளிர் குழுவிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். குழி மூடியின் மேல், எந்தக் குழி எந்த மாதம் பயன்பாட்டுக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். பெயிண்ட் இரண்டு மழையில் போய்விடும். மூடி வார்க்கிற அன்றே, சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறிவிடுவது நல்லது.