டவர் நிற்கும் இடம் தெரியாமல் போனைத் தேடாதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் டிரைவ் டெஸ்டுக்கு, அதாவது போன் இருக்கும் இடத்தை நெட்வொர்க் சரியாகச் சொல்கிறதா என்று வண்டியில் சுற்றி அளக்கும் வேலைக்கு, புதிதாக வரும் பிள்ளைகளோடு வண்டியில் சுற்றும்போதெல்லாம் பார்க்கிறேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். லொகேஷனை ஆன் செய்ய மறப்பது, பேட்டரி சேவரில் போட்டுவிட்டு அளப்பது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை இரண்டு நாளில் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை வேறு இருக்கின்றன.

டவர் பட்டியலை அப்படியே நம்புவது

நெட்வொர்க் வழியாக ஒரு போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எந்த முறையை எடுத்தாலும், அளவு தொடங்குவது டவரிலிருந்துதான். டைமிங் அட்வான்ஸ் என்பது சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து டவரிலிருந்து போன் எவ்வளவு தூரம் என்று சொல்லும் அளவு. அதன் ஒரு படி, பழைய 2ஜியில் சுமார் 550 மீட்டர், 4ஜியில் சுமார் 78 மீட்டர். படி சிறுத்துக்கொண்டே வருவது நல்லதுதான். ஆனால் பட்டியலில் டவரின் இடமே தப்பாக இருந்தால், அந்தத் தப்பு முழுசும் போன் மேல்தான் வந்து விழும்.

காரைக்குடியில் ஒரு வீட்டில் வயதான ஆச்சி வழுக்கி விழுந்துவிட்டார். அவசர உதவிக்குக் கூப்பிட்டால், எதிர்முனையில் இருந்தவர் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கும் அந்தப் பக்கம் ஒரு இடத்தைச் சொல்லி, அங்கேதானே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "தம்பி, நாங்க காரைக்குடின்னு எத்தனை தடவை சொல்றது?" என்று வீட்டுக்காரர் கத்தியிருக்கிறார். வண்டி வந்து சேர்ந்தது, ஆச்சியும் பிழைத்துக்கொண்டார். புகார் எங்களிடம் வந்தது.

பட்டியலைத் திறந்தால் அந்த டவருக்கு 10.04, 78.47 என்று எழுதியிருந்தது. டவர் உண்மையில் இருப்பது 10 டிகிரி 4 நிமிடம், 78 டிகிரி 47 நிமிடத்தில். நிமிடத்தை 60-ஆல் வகுக்காமல், புள்ளி வைத்து அப்படியே எழுதிவிட்டார்கள். வகுத்திருந்தால் 10.067, 78.783 என்று வந்திருக்கும். இந்த ஒரு வகுத்தல் விட்டுப்போனதில் டவர் மேற்கே சுமார் 34 கிலோமீட்டர், தெற்கே 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அதுவரை ஒரு குழு உட்கார்ந்து, பிழையை வடிகட்டும் கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். பட்டியலை ஒரே ஒரு தடவை மேப்பில் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

பெரிய தப்பு மேப்பில் கண்ணில் பட்டுவிடும். சின்னது ஒளிந்துகொள்ளும். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் கடைசி இலக்கத்தின் மதிப்பே 110 மீட்டர். ஐந்து இலக்கம் எழுதுங்கள், ஒரு மீட்டருக்கு வந்துவிடும்.

அப்புறம், ஃபைபரில் இழுத்த ரேடியோ. கருவி அறை ஊருக்குள் இருக்கும், ஆன்டெனா சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும். பட்டியலிலோ அறையின் இடம் இருக்கும். அதோடு, ஒரு கிலோமீட்டர் ஃபைபரைக் கடக்க சிக்னலுக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆகிறது. அதைக் கழிக்காவிட்டால் போன் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருப்பதாகக் காட்டும்.

செக்டர் என்றால் டவரில் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் ஆன்டெனாவின் பகுதி. அதன் கேபிள் மாறிப்போவதும் இதே ரகம்தான். வடக்கே பார்க்கிறது என்று எழுதிய செக்டர் தெற்கே பார்த்துக்கொண்டிருக்கும். டவரை ஒரு சுற்று சுற்றி வந்து, எந்தப் பக்கம் எந்த செல் எண் (போன் நம்பர் இல்லை, ஒவ்வொரு செக்டருக்கும் உள்ள அடையாள எண்) வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவின் திசையை டவர் காலில் சாய்ந்துகொண்டு போன் காம்பஸில் பார்க்காதீர்கள். அத்தனை இரும்புக்குப் பக்கத்தில் முள் சரியாக நிற்காது. நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள்.

திருவிழா டவர்

சதுர்த்திக் கூட்டத்துக்குப் பிள்ளையார்பட்டியில் நிறுத்திய டவர் வண்டியை, அதே செல் எண்ணோடு வேறு ஊருக்கு அனுப்பாதீர்கள். பட்டியலில் அந்த எண்ணுக்குப் பழைய இடமே இருக்கும்.

வரிசையில் நிற்கும் டவர்கள்

திருச்சி–இராமேஸ்வரம் சாலை ஓரமாக டவர்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், போன் சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒரே விடைதான் வரும். செக்டரின் திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கோட்டை விட்டு விலகிய ஒரு டவரையாவது சேருங்கள்.

வளவுக்குள் நின்று ஜிபிஎஸ்ஸைத் திட்டுவது

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் வளவில் நின்று நிமிர்ந்து பாருங்கள். நான்கு பக்கமும் கூரை, நடுவில் ஒரு துண்டு வானம். தலைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள்கள் மட்டும் நேராகத் தெரியும், அடிவானத்துப் பக்கம் இருப்பவை சுவருக்குப் பின்னால் போய்விடும். எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருந்தால் கணக்கு தள்ளாடும். சுவரில் பட்டு வரும் சிக்னல் நேர்வழியை விட நீளமான வழியில்தான் வரும், ஒருநாளும் குட்டையான வழியில் வராது. அதனால் நூறு தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அந்தப் பிழை கரையாது.

இந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வேறு ஊரில் 50 மீட்டர் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே ஆம்புலன்ஸ் அடுத்த தெருவில் போய், பூட்டிய பின்வாசலில் நிற்கும். சோதனையை முகப்பிலும் செய்யுங்கள், வளவிலும் செய்யுங்கள், பின்கட்டிலும் செய்யுங்கள்.

டவர் கடிகாரங்களைச் சரிபார்க்காமல் விடுவது

பல டவர்களின் சிக்னல் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கும்போது, ஒரு டவரின் கடிகாரம் 1 மைக்ரோசெகண்ட் பிசகினால் 300 மீட்டர் பிசகும். 5ஜி தரவிதிகளின் ரிலீஸ் 16 என்ற பதிப்பில் வந்த, பல டவர்களோடு போய்வரும் நேரத்தை அளக்கும் முறைக்கு இந்த அளவு ஒத்திசைவு தேவையில்லை. அந்த வசதி இருக்கும் இடத்தில் அதையே எடுங்கள்.

சோதிக்கும் போனையே அளவுகோலாக வைப்பது

கூடாது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனி ஜிபிஎஸ் கருவி வேண்டும்.

அறிக்கையில் சராசரியை மட்டும் எழுதுவது

67 சதவீத அழைப்புகள் எத்தனை மீட்டருக்குள், 95 சதவீதம் எத்தனை மீட்டருக்குள் என்று இரண்டையும் எழுதுங்கள்.