முதலாளி ஊரில் இல்லாத நாளில் பிரியாணிக் கடை ஏன் தடுமாறுகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கம் நன்றாக ஓடுகிற கடையிலும் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போனால் போதும், விடாமல் போன் வரும். "அண்ணே, கறிக்காரர் கிலோவுக்கு 20 ரூபா ஏத்திக் கேக்குறாரு, வாங்கட்டுமா?" "பார்சல் டப்பா தீந்துடுச்சு, யார்கிட்ட சொல்றது?" கடை முடங்குவது இந்தச் சில்லறை விஷயங்களில்தான்.

இதில் பெரிய தவறு, அளவை ஒருவர் கையோடு விட்டுவைப்பது. அது முதலாளியின் கையோ மாஸ்டரின் கையோ, விளைவு ஒன்றுதான். தொழில் ரகசியம் என்பார்கள். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது, தயிர் எல்லாம் ஊருக்கே தெரிந்த சரக்கு. தெரியாதது எடை மட்டும். எழுதி வைப்பவர்களும் சறுக்குவது மிளகாயில். அரைத்த விழுதை ‘இரண்டு கரண்டி’ என்று எழுதுவார்கள். அரைக்கும்போது விடும் தண்ணீர் ஆளுக்கு ஆள் மாறும், காரமும் கூடவே மாறும். ஊறப்போடும் முன்பே காய்ந்த மிளகாயைத் தராசில் வைத்து, கிலோ கறிக்கு இத்தனை கிராம் என்று எழுதுங்கள். காம்பு கிள்ளியதா, விதை உதிர்த்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரிசியை அரைவேக்காட்டில் வடித்துப் போடுகிற கடையில், உலைத் தண்ணீருக்கான உப்பும் மசாலாவுக்கான உப்பும் தனித்தனிக் கணக்கு. ஒரு பங்கு வடிதண்ணீரோடு போய்விடும். புது மூட்டை பிரிக்கிற அன்று ஒரு கிலோவை மட்டும் வேகவைத்துப் பார்த்த பிறகே தேக்சாவில், அதாவது பெரிய பிரியாணிப் பாத்திரத்தில், கொட்ட வேண்டும், ஏனென்றால் புது அரிசி சீக்கிரம் குழையும். ஞாயிற்றுக்கிழமை மதியம் குழைந்துபோன தேக்சாவை முதலாளியே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பணம். முதலாளியின் சொந்த நம்பரில் யுபிஐ வாங்கினால், பணம் வந்ததா என்று கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டியதுதான். கடையின் கரண்ட் அக்கவுண்டில் கியூஆர், பக்கத்தில் தொகையைச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ், இரண்டும் வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை மேலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஒருவர் பதிவுசெய்து இன்னொருவர் அனுமதித்தால் மட்டும் பணம் போகும்படியான நெட்பேங்கிங் வசதியை வங்கியில் கேட்டு வாங்குங்கள். மேலாளர் பதிவார், நீங்கள் இருந்த இடத்திலிருந்தே அனுமதிக்கலாம். ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபியும் உங்கள் போனுக்கே வரும் என்றால், நம்பகமான இன்னொருவரைக் கையொப்ப அதிகாரம் உள்ளவராகச் சேர்த்துவிடலாம்.

மச்சானைக் கல்லாவில் உட்காரவைத்து, எதையும் முடிவுசெய்யும் உரிமை தராமல் விடுவது இன்னொரு தவறு. ‘எதுவானாலும் கேட்டுட்டுச் செய்’ என்றால் அவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். ரூபாயில் எல்லை போடுங்கள்: உதாரணமாக, கறி விலை கிலோவுக்கு 30 ரூபாய் வரை ஏறினால் அவரே வாங்கலாம், அதற்கு மேல் போனால் இரண்டாவது கடைக்காரரைக் கூப்பிடலாம். ரிப்பேருக்கு 2,000 வரை கேட்க வேண்டாம். புகார் சொல்லும் வாடிக்கையாளருக்கு ஒரு பிளேட் மாற்றித் தரலாம். தொகை உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது. இந்த எல்லைகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேமராவை வைத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு. வீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் கடையைப் பார்ப்பவர் கடையில்தான் இருக்கிறார்! அதைவிட உருப்படியானது பிளேட் கணக்கு. ஒரு வாரம் எடைபோட்டு, ஒரு தேக்சாவுக்கு எத்தனை பிளேட் என்று கண்டுபிடியுங்கள். இரவு இருவர் சேர்ந்து நோட்டு வாரியாகக் கல்லாவை எண்ணி, பில், பார்சல் டப்பா இருப்பு, மிச்சம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

எல்லாம் எழுதியாயிற்று என்று ஒரேயடியாக ஒரு மாதம் கிளம்பிவிடாதீர்கள். முதலில் கூட்டம் குறைவான ஒரு செவ்வாய்க்கிழமை, பிறகு ஞாயிறு சேர்ந்த மூன்று நாள், பிறகு ஒரு வாரம். வரும் ஒவ்வொரு போனையும், யார், எதற்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்; திரும்பி வந்ததும் அந்தந்தக் கேள்விக்குச் சுவர்த்தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில் சம்பள நாளோ, மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கான ஜிஎஸ்டி தேதிகளான 11, 20 இரண்டில் ஒன்றோ வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; அந்த வேலையும் நீங்கள் இல்லாமல் நடக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.